வேப்பங்கதவில் எழுதிய தேக்கு

முன்கதவைக் கழற்றி வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். பழைய மரம் எடுக்கிறவர் வந்தார். கதவின் அடியில், மழைத்தண்ணி தெறித்து நிறம் செத்துப்போன இடத்தை நகத்தால் கீறினார். பேனாக்கத்தியை எடுத்து இன்னும் கொஞ்சம் கீறினார். நிமிர்ந்து, "இது தேக்கு இல்லீங். வேப்பமரம். மேல தேக்கு எழுதியிருக்குதுங்" என்றார்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, 1958-ல் கட்டிய வீடு அது. அவர் மில்லில் ஜாபர், தொழிலாளர்களை மேற்பார்க்கிறவர். ஓட்டு வீடுதான். ஆனால் 'தேக்கங்கதவு போட்ட வீடு' என்று தெருவில் அதற்கு ஒரு பெயர் உண்டு. அறுபது வருடத்துக்கு மேல் அந்தப் பெயரோடு இருந்துவிட்டோம். அன்றைக்குக் கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதன்முறையாக அதை முழுசாகப் பார்த்தேன். ரேகைகள் மேலிருந்து கீழே ஓடின. கணு வந்த இடத்தில், வாய்க்காலில் கல்லைச் சுற்றித் தண்ணீர் விலகுவது மாதிரி விலகி, கீழே போய்ச் சேர்ந்துகொண்டன. வலது பலகையில், தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே ஒரு கணு. அதன் நடுவில் மெல்லிய சுழி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அது ஒரு கட்டைவிரல் ரேகை. ஈர வண்ணத்தில் யாரோ விரலை ஊன்றி, லேசாகத் திருகி எடுத்திருக்கிறார்.

படம் வரைவதைத் தமிழில் 'எழுதுவது' என்றுதான் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். மரம் எடுக்க வந்தவர் வாயில் அந்தச் சொல் அப்படியே இருந்தது. கதவை நான் கொடுக்கவில்லை. பின்தாழ்வாரத்துக்குத் தூக்கிப்போய் வைத்துவிட்டு, பாலிஷ் அண்ணனைத் தேடிப் போனேன்.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் பாலிஷ் அண்ணன்தான். இப்போது எழுபத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதில் உப்புத்தாள் தேய்க்கிற பையனாகத் தொழிலுக்கு வந்தவர். எழுபதுகளில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, மார்கழி முடியப்போகும் நேரம் சைக்கிளில் வருவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவருக்கு வேலை கிடையாது. காற்றில் ஈரம் இருந்தால் பாலிஷ் காயும்போதே வெண்மை பூத்துவிடும். அதிலும் சிங்காநல்லூர் குளத்துப் பக்கத்து வீடுகளில் காலை பத்து மணிக்கு முன்னால் பாட்டிலையே திறக்கமாட்டார்.

கேரியரில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே வரக்காப்பி நிறத்தில் இரண்டு பாட்டில், உப்புத்தாள் துண்டுகள், காவிப் பொட்டலங்கள், ஒரு பொட்டலம் அரக்கு. அரக்கு என்றதும் நமக்குப் பார்சலில் வைக்கும் சிவப்பு முத்திரை நினைவுக்கு வரும், இல்லையென்றால் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகை. அண்ணன் பொட்டலத்தில் இருந்தது செதில் செதிலாக, தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும் அரக்கு. ஷெல்லாக் என்று கடையில் கேட்டு வாங்குவது. பழைய தமிழில் அதற்கு அவலரக்கு என்று பெயர். கையில் அள்ளிப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும், அசல் அவல் மாதிரியே இருக்கும். மரக்கொம்போடு ஒடித்தெடுத்தால் கொம்பரக்கு. அதை உதிர்த்து, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு.

இதைச் செய்வது ஒரு சின்னஞ்சிறு பூச்சி. பலாசு, இலந்தை, பூவ மரங்களின் இளங்கொம்பில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினால் ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப்பகுதிகளில்தான் இது அதிகம் விளைகிறது. அங்குள்ள பழங்குடிக் குடும்பங்கள் கொம்பை வெட்டிச் சுரண்டி விற்கிறார்கள். பூச்சியின் கூடு எங்கள் வீட்டுக் கதவு வரைக்கும் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்துக்கே போனது. 78 சுற்று இசைத்தட்டுகளுக்கு உடம்பு கொடுத்தது இந்த அரக்குதான். கல்பொடியையும் கரியையும் அரக்கில் குழைத்துச் சூட்டில் அச்சழுத்தியவை அவை. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியதற்கும் காரணம் அதுதான்.

எங்கள் ஊருக்கு அந்தத் தட்டுகளோடு ஒரு உறவு இருக்கிறது. திருச்சி சாலையில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்த ஊர் இது. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-ல் வந்தது, எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-ல் வந்தது. இரண்டும் அங்கே எடுத்த படங்கள். பாகவதர் பாட்டு அரக்குத் தட்டில் ஊரூராகப் போனது. பாலிஷ் அண்ணனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, அந்த ஸ்டுடியோவில் செட்டுக்கு வண்ணம் அடித்தவராம். ப்ளைவுட்டிலும் துணியிலும் அரண்மனைத் தூணும் தேக்குக் கதவும் எழுதிப் பழகிய கை. ஸ்டுடியோ வேலை குறைந்தபோது ஊருக்குள் வந்து, வேப்பமரத்திலும் மாமரத்திலும் கதவு போட்டவர்களுக்குத் தேக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதைக் கேவலமாக நினைத்தவர் அன்றைக்கு யாரும் இல்லை. தேக்கு வாங்க வசதி இல்லாத மில் தொழிலாளி வீட்டுக்கு ஒரு அழகு வேண்டியிருந்தது. கரையான் ஏறாத வேம்பு கையில் இருந்தது. மேல்நாடுகளிலும் இது பெரிய தொழிலாகவே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் சாதா பைன் கதவில் ஓக் மரத்து ரேகையை எழுதுவதற்கென்றே கைவினைஞர்கள் இருந்தார்கள். பழைய பீரில் வண்ணத்தைக் குழைத்து எழுதுவது அவர்கள் முறை. பீர் காய்ந்தால் மெல்லிய பசைபோல் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அண்ணன் வீட்டு முன்னால் நார்க்கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பற்றிச் சொன்னேன். நடையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "எந்தக் கலரு மேல அரக்குப் போட்டிருக்குதுன்னு பார்த்தீங்களா தம்பி? அது தெரியாம தொடக்கூடாதுங்" என்றார்.

அங்கேதான் இந்தத் தொழிலின் நுட்பம் இருக்கிறது. அரக்கு ஒன்றுதான். ஆனால் அடியில் இருக்கும் நிறம் எதில் கரைத்தது என்பதைப் பொறுத்துக் கை மாறவேண்டும்.

தண்ணீரில் கரைத்த சாயம் என்றால் கவலையே இல்லை. காசுக்கட்டியைக் கொதிக்கவைத்த தண்ணீரோ, பர்மாங்கனேட் கரைசலோ பூசுவார்கள். பர்மாங்கனேட் கத்தரிப்பூ நிறத்தில் போய், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரத்தோடு சேர்ந்து பழுப்பாகும். வெயில் படும் இடத்தில் சில வருடங்களில் வெளுத்துப்போகும் என்பது ஒன்றுதான் குறை. தண்ணீர் பட்டதும் மரத்து நார் மயிர்க்கூச்செறிந்த மாதிரி எழும்பும். காய்ந்தபின் பழைய உப்புத்தாளால் மெதுவாக ஒரு இழுப்பு. அரக்கைக் கரைத்த ஸ்பிரிட்டுக்கும் தண்ணீர்ச் சாயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலே எத்தனை முறை தேய்த்தாலும் நிறம் அசையாது.

ஸ்பிரிட்டில் கரைத்த சாயம்தான் சோதனை. பளிச்சென்று நிறம் கொடுக்கும், நிமிடத்தில் காயும். ஆனால் பாலிஷிலும் அதே ஸ்பிரிட். துணியை வைத்து ஒரே இடத்தில் இரண்டாம் முறை தேய்த்தால் சாயம் எழுந்து துணியோடு வந்துவிடும், பலகையில் வெள்ளைத் தீவு விழும். முதல் கோட்டைப் பிரஷ்ஷில், கைக்கு ஒரு இழுப்பாக, போன இடத்துக்குத் திரும்பாமல் போடவேண்டும். "போன கை போனதாவே இருக்கோணும்" என்பார் அண்ணன். மூன்று கோட்டு உட்கார்ந்தபின்தான் துணி தொடலாம்.

எண்ணெய்ச் சாயத்துக்குப் பொறுமை வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம் தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் அரக்குப் போட்டால் ஒட்டாமல் சுருங்கும். இரண்டு மூன்று நாள் வெயில் காட்டி, மோந்து பார்த்து, எண்ணெய் வாடை போனபின்தான் பாட்டிலைத் திறப்பார். அவருக்கு மூக்குதான் கருவி.

எழுதிய ரேகைக்கு இவை எல்லாமே வேண்டும். முதலில் மஞ்சள் காவி கலந்த அடிவண்ணம், வழவழப்பாக. அது நன்றாக இறுகியபின் அரக்கு ஒரு கோட்டு. அதன்மேல் கருங்காவியை மெல்லியதாகக் குழைத்துப் பூசி, ஈரம் இருக்கும்போதே, சைக்கிள் டியூபைச் சீப்பு மாதிரி வெட்டி வைத்திருப்பதை மேலிருந்து கீழே இழுக்கவேண்டும். இழுக்கும்போது கை லேசாக நடுங்கவும் வேண்டும், நேர்கோடு போனால் மரம் மாதிரி இருக்காது. பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம். தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தண்ணீரால் துடைக்கலாம், எண்ணெய் வண்ணத்தை டர்பென்டைனால் துடைக்கலாம். இரண்டுக்குமே அடியில் இருக்கும் அரக்கு கரையாது. அடிவண்ணத்துக்கு அதுதான் காவல். ரேகை பிடித்துவிட்டால் அதன்மேலும் அரக்கு. இன்னும் ஆழம் வேண்டுமென்றால் அந்த அரக்கின்மேல் நீர்த்த வண்ணத்தில் இன்னொரு வரி நிழல், மறுபடி அரக்கு. எங்கள் கதவில் ரேகைகள் ஒன்றன் பின்னால் ஒன்று நிற்பதுபோல் தோன்றியதற்கு இதுதான் காரணம். அவை உண்மையிலேயே வெவ்வேறு ஆழத்தில் இருந்தன.

அரக்கின் சொந்த நிறமும் வேலையில் சேரும். அதன் தேன்நிறம் காவிக்கும் சிவப்புக்கும் வெயில் ஏற்றும். வெள்ளை வண்ணத்தின்மேல் பூசினால் பழைய காகிதமாக்கிவிடும். நீலத்தின்மேல் பச்சை தட்டும். அதனால்தான் எழுதுகிறவர் அடிவண்ணத்தை வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிறலாக வைப்பார். மிச்சத்தை அரக்கு கொண்டுவரும்.

வார்னிஷ் போடாமல் அரக்குக்கு ஏன் போனார்கள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஆடிக்காற்றை அவர் காட்டினார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து வரும் அந்தக் காற்றோடு அன்றைக்கு மில் பஞ்சும் பறக்கும். கமலா மில், வசந்தா மில், கொஞ்சம் தள்ளி ஒண்டிப்புதூரில் கம்போடியா மில் என்று வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலம். எண்ணெய் வார்னிஷ் அடித்தால் ஒரு பகல் ஈரமாக நிற்கும், அதற்குள் கதவுக்குத் தாடி முளைத்துவிடும். அரக்கு பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பஞ்சு வந்து உட்காரும் முன் வேலை முடிந்திருக்கும்.

பாலிஷ் தேய்க்கும் பொட்டலத்துக்கு உள்ளே வைப்பதும் அதே மில்லின் கழிவுப் பஞ்சுதான். மேலே நூறு முறை துவைத்துப் பிசிறு போன வேட்டித் துணி. பஞ்சு குடிக்கிற அளவுக்குப் பாலிஷை ஊற்றி, முறுக்கிப் பிடித்து, துணியின் முகத்தில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் வைத்துக்கொள்வார். எண்ணெய் இல்லாவிட்டால் துணி ஒட்டிப் பிடித்து இழுக்கும். முதலில் வட்டம், பிறகு எட்டு. லைசென்ஸ் வாங்கப் போனவர்கள் போடும் அதே எட்டு. கடைசியில் ரேகையோடு நீள இழுப்பு. கை பலகையில் இறங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கவேண்டும், தூக்கும்போதும் ஓடிக்கொண்டே எழவேண்டும். நின்றால் அந்த இடம் புண்ணாகிவிடும். அரசுக் கட்டட வேலைகளின் விதிப்புத்தகத்தில் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 140 கிராம் அரக்கு என்று கணக்கு இருக்கிறது. அண்ணனுக்குக் கணக்கு விரல்தான். இரண்டு விரலால் தொட்டுப் பிரித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் குடிக்கும்" என்பார்.

வீட்டுச் சாமானோடு இந்தத் தொழில் நின்றுவிடவும் இல்லை. கோயம்புத்தூர் பம்புக்குப் பேர்போன ஊர். பம்பு வார்ப்பதற்கு முன்னால் மரத்தில் ஒரு பேட்டர்ன் செய்யவேண்டும். ஈர மணலில் புதைத்து எடுக்கும்போது மரம் தண்ணீர் குடித்து உப்பாமல், மணல் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வருவதற்கு அதன்மேல் அரக்குப் பூசுவார்கள். ஃபவுண்டரிகளில் பேட்டர்ன் ஆசாரிகள் பக்கத்தில் எப்போதும் ஒரு அரக்குப் பாட்டில் இருக்கும். இன்று அந்த இடத்தை அலுமினியமும் ரெசின் பலகையும் கணினி வெட்டும் எந்திரமும் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்பிரிட்டால் அண்ணன் பட்ட பாடு தனி. 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. பாலிஷுக்கான ஸ்பிரிட்டையும் வார்னிஷையும் குடித்துச் செத்தவர்கள் உண்டு. அதனால் அரசு கட்டுப்பாடு போட்டது. 1959-ல் வந்த விதிகளின் பெயரிலேயே இயல்பு மாற்றிய சாராயம், மெத்தில் ஆல்கஹால் ஆகியவற்றோடு 'வார்னிஷ் (பிரெஞ்சு பாலிஷ்)' என்ற சொல்லும் இருக்கிறது. ஒரு கைத்தொழிலின் பெயர் மதுவிலக்குச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாட்டிலோடு சைக்கிளில் போகிறவரைப் போலீஸ் நிறுத்தி மோந்து பார்த்த நாட்கள் உண்டு என்று அண்ணன் சொல்வார். 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் போனார்கள். கட்டுப்பாடு வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டை நேர்மையாக வாங்க நினைக்கும் கிழவருக்கு ஒரு எளிய வழியும் கூடவே வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இப்போது அவர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி அரக்கை ஊறவைக்கிறார். கரையக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது. மற்றபடி குறை இல்லை.

அரக்கு சாது. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகச் சாப்பிடுகிற பொருள். ஸ்பிரிட் அப்படி அல்ல. அண்ணனின் உள்ளங்கைத் தோல் வெடித்து வெடித்துக் காய்ந்த வாழைச்சருகு போல இருக்கிறது, கண் ஓரம் எப்போதும் சிவந்திருக்கிறது. பழைய நாட்களைப் பாடும்போது அந்தக் கைகளை மறந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்று திருச்சி சாலையில் நடந்தால் ப்ளைவுட் கடைகளும் மைக்கா கடைகளும்தான். மைக்கா என்று நாம் சொல்வது எட்டடிக்கு நாலடித் தகடு. காகிதத்தில் மரரேகையை அச்சடித்து, ரெசினில் ஊறவைத்து, அழுத்தத்தில் சூடேற்றிச் செய்வது. பக்கத்து வீட்டில் புதிதாக அலமாரி போட்டார்கள். ஐந்து கதவு. ஐந்திலும் அதே கணு, அதே உயரத்தில், அதே பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்டீல் கதவு வந்திருக்கிறது, அதிலும் தேக்கு ரேகை. அலுமினிய ஜன்னலுக்கும் சூட்டில் மரரேகை ஏற்றித் தருகிறார்கள். இரும்பிலும் அலுமினியத்திலும் காகிதத்திலும் நாம் இன்னும் தேக்கைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். மரரேகை எழுதும் ஆசை எங்கேயும் போகவில்லை. எழுதின கையும் அதைக் காத்த அரக்கும்தான் போய்விட்டன.

உண்மையான மரம் வாங்குகிறவர்களுக்கும் சாயம் தேவைப்படுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் தேக்கு சற்று வெளிறல். அதை நம் காட்டுத் தேக்கு மாதிரி ஆக்க நிறம் ஏற்றி, சீலர் அடித்து, மேலே மெலமைனோ, பி.யு. எனப்படும் பாலியூரித்தேனோ ஸ்ப்ரே செய்கிறார்கள். அசல் தேக்கு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், கோவையிலேயே 1902 முதல் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம். மரத்துண்டுகளை வகைவகையாக வைத்திருக்கிறார்கள்.

பி.யு. வலுவானது, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். அரக்குப் பாலிஷ் போட்ட மேசையில் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். சோடா உப்புத் தண்ணீர் பட்டால் படலமே கரையும். பி.யு.வுக்கு இது எதுவும் கிடையாது. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிறார்கள், இறுகிவிட்டால் பிறகு தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் இளகாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, நேரமே இல்லாத வீட்டுக்கு, அது வரம்தான். கீறல் விழும்போதுதான் சங்கடம். கீறின இடத்தில் மட்டும் தொட்டால் ஒட்டுப்போட்டது போலத் தனியாகத் தெரியும். முழுப் பலகையையும் சுரண்டவேண்டும்.

அரக்கில் புதுக் கோட்டு பட்டதும் பழைய கோட்டு இளகி, இரண்டும் ஒரே படலமாகிவிடும். அறுபது வருடத்துக்கு முன்னால் போட்டதும் இன்றைக்குப் போடுவதும் ஒன்றோடொன்று கலக்கும். ஸ்பிரிட் பட்டால் இளகுகிறதே என்று எதைக் குறையாகச் சொல்கிறோமோ, அதுதான் அதைப் பழுதுபார்க்கவும் விடுகிறது. வருடா வருடம் அண்ணன் வந்ததற்கும் அதுதான் அடிப்படை. எங்கள் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். ஊஞ்சலில் என் தங்கை மைக்கூட்டைக் கவிழ்த்த இடம், அப்பாரு கடைசி வருடத்தில் பிடித்துப் பிடித்து நடந்த நிலவுக்காலின் தேய்மானம். அப்பத்தா அவருக்கு முறுக்கும் காப்பியும் வைத்துவிட்டு, "இந்த வருசம் பீரோக் கண்ணாடிக்கு ஓரத்துல கொஞ்சம் பாருங்க" என்று சொல்வாள். வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும் அந்த உறவுக்கு இப்போது இடமில்லை. ஒரே முறை வருகிறார்கள், பத்து வருடத்துக்குத் தொடவேண்டாம் என்று உத்தரவாதம் சொல்கிறார்கள், போகிறார்கள். அவர்கள் முகம் நமக்குத் தெரியாது, நம் வீடு அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். மகள் கல்யாணத்தின்போது, அப்பாரு காலத்துக் கண்ணாடி பீரோவுக்கும் பி.யு. அடித்துவிடலாம் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னார். நானும் சரி என்றேன். பழைய அரக்கின்மேலேயே லேசாக உப்புத்தாள் காட்டிவிட்டு அடித்தார்கள். கல்யாணத்தன்று கண்ணைப் பறித்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஓரத்தில் எழும்பி, பாம்புச்சட்டை மாதிரி முழம் முழமாக உரிந்து வந்தது. அண்ணனைக் கூட்டிவந்து காட்டியபோது கோபம் வரும் என்று நினைத்தேன். உரிந்த தோலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அரக்குல மெழுகு இருக்குதுங் தம்பி. மெழுகு மேல எதுதான் ஒட்டும்?" என்று மட்டும் சொன்னார். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை மெழுகு அதில் இயற்கையாகவே உண்டு. மெழுகு நீக்கிய அரக்கு என்று தனியாகக் கிடைக்கிறது. அதை மட்டும் நடுவில் போட்டால், கீழே எண்ணெய்ச் சாயம் இருந்தாலும் மேலே பி.யு. அடித்தாலும் இரண்டையும் பிடித்து நிறுத்தும். புதுசுக்கும் பழசுக்கும் நடுவில் நிற்கக்கூடியதும் அரக்குதான் என்பதை எனக்கு அந்த பீரோ சொல்லிக் கொடுத்தது.

இப்போதும் சிலர் அரக்கைத் தேடி வருகிறார்கள். வீணை, வயலின் பழுதுபார்க்கிறவர்கள், பழைய மரச்சாமானைக் காப்பாற்ற நினைக்கும் பேரன் பேத்திகள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் 1924-ல் தொடங்கிய இந்திய அரக்கு ஆராய்ச்சி நிறுவனம், 2007-ல் இயற்கைப் பிசின்களுக்கும் கோந்துகளுக்குமான நிறுவனமாகப் பெயர் மாறியது. அரக்கு என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து போனாலும், அரக்கு ஆராய்ச்சி போகவில்லை.

கதவுக்கு வருகிறேன். அண்ணனை ஆட்டோவில் கூட்டிவந்தேன். படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பின்தாழ்வாரத்தில் கதவைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் போய் நின்றார். வெகுநேரம் பேசவில்லை. ஒரு துணி நுனியில் ஆல்கஹாலைத் தொட்டு, கீல் பக்கத்து ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தார். படலம் பிசுபிசுத்தது. "அரக்குதானுங்" என்றார். பிறகு தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். டர்பென்டைனைத் தொட்டுப் பார்த்தார். ரேகை அசையவில்லை.

தாழ்ப்பாளுக்கு மேலே இருந்த கணுவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, மூக்கு பலகையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"எங்க மேஸ்திரி கைங். சோத்துக் கை கட்டவெரலு. நுனியில ஒரு வெட்டுக் காயம் இருக்கும், பாருங்க, அந்த சுழி நடுவுல கோடு மாதிரி."

இருந்தது. சுழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மயிர்க்கோடு.

"இந்தக் கதவ எழுதினப்ப நானும் கூட இருந்தனுங். அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. கீழ்ப்பலகை பூரா நான்தான் தேச்சேன்."

அடியில் நிறம் செத்த இடத்துக்கு அவரே காவி குழைத்தார். கை நடுங்கியது. ரேகை எழுத நடுக்கம் நல்லதுதான் என்றார். காய்ந்ததும், ஒரு சின்னப் பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். கணு இருக்கும் இடத்தைத் துணியால் தேய்க்கக்கூடாது, பிரஷ்ஷில் ஒரே இழுப்பு, திரும்பக்கூடாது. அரக்கைத் தொட்டு, மேலிருந்து கீழாக இழுத்தேன். விரல்சுழியின்மேல் ஈரம் ஒரு நொடி பளபளத்து நின்றது.

"போதுங். இனி நாளைக்கு" என்று பாட்டிலை மூடினார். "கார்த்திகை முடியட்டும், மேல் கோட்டு வெயில்ல போட்டுக்கலாம். தையில கதவ மாட்டீரலாம்."